கேம்ப் வீடு

எங்கள் வீட்டுக்கு ஊரில் ‘கேம்ப்’ என்று பெயர். சந்தைக்கு முன்னால் நிற்கும் ஓட்டோக்காரரிடம் வாப்பாவின் பெயரைச் சொன்னால் சற்று யோசிப்பார். ‘கேம்ப் வீடு’ என்றால் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்புவார். கல்முனைக்குடியில் பிரதான வீதிக்கு மேற்கே, வயல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளின் தூண்களைவிட இரண்டு மடங்கு பருத்த தூண்கள். கீழ்த்தளத்தில் கடலைப் பார்த்த பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் சுவரே கிடையாது. தண்ணீர் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் ஊடறுத்துப் போகட்டும் என்று வாப்பா திறந்தே விட்டுவிட்டார். மாடிக்கு உள்ளே ஒரு படிக்கட்டு, வெளியே ஒரு படிக்கட்டு. மொட்டை மாடியில் ஒரு சிறிய அறை. அதற்குள் அரிசி, பிஸ்கட், மருந்து, கயிறு, காற்றடித்த டியூப்கள். மதிலுக்கு மேலே முட்கம்பி. அந்த முட்கம்பிதான் பெயரை வாங்கித் தந்தது.

நான் அந்த வீட்டில் வளர்ந்தேன். அங்கேதான் எனக்குக் கலியாணமும் நடந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். ஆகவே இன்றைக்கு அந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தில் இருப்பது என் பெயர். என் பெயரில் இருக்கும் வீட்டைவிட்டு வெளியேற எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது, வெளியேறிய பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்வதென்றால் வாப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாப்பா பொறியியலாளர். அரசாங்கப் படையில் இருந்தவர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஊரில் பலர் இரண்டாவதை மட்டும்தான் காதில் வாங்குவார்கள். மூன்று தங்கைகளுக்கு மூத்தவர். தகப்பன் நேரத்தோடு மவுத்தாகிவிட்டதால் தங்கைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதை முடிக்காமல் அவர் தன் கலியாணத்தைப் பற்றி நினைக்க முடியாது. பல்கலைக்கழகத்தை முடித்த நேரம் படையில் பொறியியலாளர்களை எடுத்தார்கள். போனார். வீதி போட்டார், பாலம் போட்டார், உடைந்ததைத் திரும்பப் பொருத்தினார். தங்கைகளின் வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. கடைசித் தங்கையைக் குடியமர்த்தியபோது அவருக்கு முன்தலை வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் உம்மாவைக் கட்டினார்.

சண்டைக் காலத்தில் சீருடை போட்ட முஸ்லிமுக்கு ஊரில் வசதியான இடம் எதுவும் இருக்கவில்லை. பள்ளிவாசலில் ஸலாம் சொல்வார்கள். பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். யாராவது சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டால் அதே ஆட்கள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். முகாமில் அவர் பெயரைக் கேட்டதும் கதையை நிறுத்திக்கொள்பவர்களும் இருந்தார்களாம். வாப்பா இதைச் சொல்லி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லீவில் வந்தால் முதலில் குழாய்களைத் திறந்து பார்ப்பார். பிறகு ஜன்னல் கொண்டிகள், மின்சார வயர், கிணற்றுக் கப்பி. எல்லாவற்றையும் திருத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். “நாங்க ஊட்டுல இரிக்கிறமா, பாலத்துல இரிக்கிறமா?” என்று உம்மா கேட்பார். வாப்பா சிரிப்பார். அவர் சிரித்துப் பார்த்த ஞாபகம் அந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான்.

அப்போது நாங்கள் கடற்கரைப் பக்கம், உம்மாவின் சீதன வீட்டில் இருந்தோம். பேசாமல் இருந்தால் அலை கேட்கும் தூரம். எனக்கு எட்டு வயது. தம்பிக்கு இரண்டு. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை உம்மா றொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தெருவில் ஆட்கள் ஓடினார்கள். என்ன என்று கேட்க உம்மா வாசல் கடப்படிக்கு வந்தார். ஒரு கையில் என்னையும் மறுகையில் தம்பியையும் பிடித்திருந்தார். கறுப்பாக ஒன்று எங்கள் குறுகிய ஒழுங்கையின் முனையில் எழும்பியதைப் பார்த்தேன். அது தண்ணீர் என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூட மதிலில் என்னை யாரோ தூக்கிப் போட்டார்கள். உம்மா மரமொன்றில் சிக்கியிருந்தார். அவருடைய ஒரு கை விரிந்தபடியே இருந்தது. அதை மடக்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

தம்பியை அன்று பின்னேரமே கண்டெடுத்துவிட்டார்கள். காத்திருக்க வழியில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து அடக்கினார்கள். வாப்பா வடக்கே ஒரு பாலத்து வேலையில் இருந்தார். வீதிகள் அறுந்து, பாலங்கள் விழுந்து கிடந்தன. கிடைத்த வாகனங்களில் ஏறியும் நடந்தும் அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உறவினர் வீட்டில் பாயில் இருந்த உம்மாவுக்கு முன்னால் முழங்காலிட்டார். சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“தண்ணி எவ்வளவு உசரத்துக்கு வந்த?”

உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. “புள்ளையப் பத்திக் கேக்கல்ல. தண்ணியப் பத்திக் கேட்டார்” என்று தன் தங்கையான சாச்சியிடம் சொல்லி அழுதிருக்கிறார். எனக்கு வயது ஏற ஏறத்தான் அந்தக் கேள்வியின் பாரம் தெரிந்தது. அன்றைக்கு அந்த மனிதரிடம் கேட்பதற்கு வேறு சொல் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

படையைவிட்டு விலகக் கூடிய முதல் சந்தர்ப்பத்திலேயே விலகி வந்தார். ஊர் முழுக்க நடந்து சுவர்களில் தண்ணீர் ஏறிய அடையாளங்களை அளந்தார். எங்கே நிலம் மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்து, மேற்குப் பக்கம் ஒரு வளவை வாங்கினார். கம்பி கட்டும்போது தானே நின்றார். கொங்கிரீட் போட்ட நாளில் சாப்பாட்டுக்குக்கூட நகரவில்லை. மேசன்மார் தங்களுக்குள் சிரித்தார்கள். “சேர், இதுக்கு மேல ரயில் ஓட்டப் போறீங்களா?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். வாப்பா அடுத்த தூணுக்கு நடந்தார்.

குடிபுகுந்த பிறகு சட்டங்கள் வந்தன. வாப்பாவின் கழுத்தில் ஒரு விசில். அது ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளிப் படிக்கட்டால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சோறு உண்டதும் ஊதுவார். சில நாட்களில் சொல்லாமலும் ஊதுவார். உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். நான் புத்தகத்தோடு ஏறி, மேலே இருந்து படிப்பேன். இரண்டாவது சட்டம் இன்னும் கடினமானது: பிரதான வீதிக்குக் கிழக்கே போகக்கூடாது. எங்கள் ஊர் ஒடுக்கமான ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே வீதி. கிழக்குப் பக்கத்தை எடுத்துவிட்டால் பாதி ஊர் போய்விடும். என் கூட்டாளிகளில் பாதிப் பேரின் வீடுகளை நான் பார்த்ததே இல்லை. உம்மாவின் சொந்தத் தங்கை வீதிக்கு அந்தப் பக்கம். அவர்தான் எங்களிடம் வருவார், நாங்கள் போனதில்லை.

நான் வாதாடுவேன். அப்போது தெருவே என் பக்கம் நின்றது. “என்ன சேர், புள்ளையக் கூட்டில அடைச்ச மாதிரி வெச்சிரிக்கீங்க” என்று பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் கேட்பார். அந்த ஒரு வசனம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சையெல்லாம் முடிந்திருந்த காலத்தில் ஒரு பின்னேரம், தூர தேசத்தில் நிலம் அதிர்ந்ததாகவும் கடல் வரலாம் என்றும் செய்தி பரவியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கிழக்குப் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து சனம் வீதியைக் கடந்து ஓடி வந்தது. தலைமுக்காடு நழுவியது தெரியாமல் பெண்கள் ஓடினார்கள். வாப்பா கேற்றை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

“கேம்புக்குப் போங்க! கேம்புக்குப் போங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

வாப்பா வெளிப் படிக்கட்டின் அடியில் நின்று விசில் ஊதினார். பிள்ளைகளை முதலில் ஏற்றினார். பிறகு வயதானவர்கள். தள்ளியவர்களை இரண்டு சொல்லில் அடக்கினார். அவர் படையில் எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குரல் உயரவே இல்லை. மொட்டை மாடியில் கால் வைக்க இடமில்லாமல் சனம் நின்றது. நான் பிஸ்கட் பெட்டிகளை உடைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மாமி தன் மாமியாரைக் கட்டிப்பிடித்தபடி கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கிழக்கே பார்த்தோம். கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அது அசையவில்லை.

பொழுது சாயும்போது ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். உம்மா பெரிய சட்டியில் பிளேன்டீ ஊற்றினார். இறங்கிப் போனவர்கள் ஒவ்வொருவரும் வாப்பாவின் கையைப் பிடித்தார்கள். மாமி என் கன்னத்தைத் தொட்டு, “உங்கட வாப்பாவுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுசக் குடுக்கணும் மகள். அவர் சொல்றதக் கேட்டு நட” என்றார்.

அன்றோடு தெரு என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் எதைச் சொல்லி வாதாடினாலும் கேட்பவர்கள் அந்தப் பின்னேரத்தை நினைத்துக்கொண்டு வாப்பாவின் பக்கம் சாய்ந்தார்கள். நானும் அந்த மாடியில் நின்றவள்தான். அவர் பிழை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு வந்தது. மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. மலைக்குக் கடல் வராது என்பதால் வாப்பா சம்மதிப்பார் என்று நம்பினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பெண்கள் விடுதியைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தார்.

“என்ன வாப்பா, எப்பிடி இரிக்கி?”

“பழைய கட்டடம். பின்னால மண் மேடு. மழைக்கு வழுகும். ஏறி இறங்க ஒரே ஒரு படிக்கட்டுத்தான்.”

“எவ்வளவு புள்ளைகள் அங்க இரிந்து படிக்கிறாங்க!”

“ஓம், இரிக்கிறாங்க,” என்றார். “அவங்கட வாப்பாமாருக்குத் தெரியாது.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதட்டியிருந்தால் நான் போயிருப்பேன். அந்தக் கண்ணுக்கு எதிராக எனக்கு ஒன்றும் செய்ய ஏலவில்லை. மாற்றம் கேட்டு விண்ணப்பித்து, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைப் படித்தேன்; வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். முதல் வருடம் முழுவதும் வாப்பா மோட்டார் சைக்கிளில் பஸ்ஸுக்குப் பின்னால் வந்தார். வகுப்பில் என்னோடு படித்தவர்கள் அவருக்கு ‘எஸ்கோட்’ என்று பெயர் வைத்தார்கள். நான் பின் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

கடைசி வருடம் படிக்கும்போது கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை கட்டாரில் கட்டட நிறுவனமொன்றில் அளவைக் கணக்கு வேலை செய்பவர், சாய்ந்தமருதுக்காரர், அதிகம் சிரிப்பவர். நிக்காஹ் முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை விசில் ஊதியது. அவர் சாரனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அறையைவிட்டுப் பாய்ந்தார்.

“என்ன? என்ன நடந்த?”

“ஒண்டும் நடக்கல்ல. மேல ஏறுங்க,” என்றேன்.

மொட்டை மாடியில் வாப்பா நின்றிருந்தார். “மருமகன், நீங்க உள்படியால வந்தீங்க. வெளிப்படியாலதான் வரணும்,” என்றார். என் கணவர் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “எனக்குக் கலியாணமா, ட்ரெயினிங்கா?” என்று காதுக்குள் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

மகள் பிறந்தாள். அவர் கட்டாருக்குப் போவதும் லீவில் வருவதுமாக இருந்தார். நான் எட்டு வயதுவரை வாழ்ந்த வாழ்க்கையை என் மகள் வாழத் தொடங்கியிருந்தாள்: தகப்பன் என்றால் பெட்டியோடு வருகிறவர். அவளுக்கு நடை வந்து, பேச்சு வந்து, விசில் ஊதினால் படியேறவும் வந்தது. சின்னக் கால்களால் ஒவ்வொரு படியாக ஏறி மேலே நின்று கை தட்டுவாள். வாப்பா அவளைத் தூக்கி முத்தமிடுவார். நான் போய் அவளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன்.

குடும்பத்தை அழைக்கும் வீசாவை என் கணவர் எடுத்துவிட்டார். வீட்டில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“போ புள்ள. நான் ரெண்டு புள்ளைய அந்தக் கடலுக்குக் குடுத்தன். ஒண்டு மவுத்தாப் போச்சு. மத்தது இந்த ஊட்டுக்குள்ள இரிக்கி. நீ போ.”

“நீங்க?”

“நான் அவரோட இரிக்கிறன். அவருக்கு வேற ஆரு இரிக்கா?”

வாப்பாவிடம் சொன்னது சாப்பாட்டு நேரத்தில். அவர் மறுக்கவில்லை.

“எத்தினையாம் மாடி?”

“பதினாலாம் மாடியாம்.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. அப்புறம் அவர் சாப்பிடவில்லை. அடுத்து வந்த நாட்களில் ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டின் தூண்களைத் தட்டிப் பார்த்தார். சத்தத்தில் வெடிப்புத் தெரியுமாம். காலையிலும் தட்டுவார், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் தட்டுவார். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அறைவரை அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. தூண்களில் ஒரு பழுதும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விமான நிலையத்துக்கு அவர் வரவில்லை. வான் வண்டி புறப்படும்போது ஜன்னலருகே வந்து மகளின் தலையைத் தடவினார். “போன உடன படிக்கட்டு எங்க இரிக்கெண்டு பாரு மகள்,” என்றார்.

வான் கல்முனையைத் தாண்டியபோது நான் அழுதேன். அது சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

டோஹாவில் எங்கள் வீடு வெளிச்சமானது. நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி. ஆனால் ஒரு ஜன்னலும் திறக்காது. முதல் நாளே படிக்கட்டைத் தேடிப் போனேன். நடைபாதையின் கடைசியில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் ஒரே ஒரு படிக்கட்டு. லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை மாடி எண்களையே எண்ணினேன். யாரும் பார்க்காத நேரங்களில் மகளைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினேன். அவளைப் பாலர் வகுப்பில் சேர்த்தோம். காலையில் பள்ளிக்கூட பஸ் வரும். அவள் கை காட்டிவிட்டு ஏறிப் போவாள். நான் ஒரு டாக்ஸியை மறித்து அந்த பஸ்ஸுக்குப் பின்னால் போவேன். அவள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு வெயிலில் நிற்பேன். வகுப்பு விடும்வரை சில நாட்கள் அங்கேயே நின்றிருக்கிறேன்.

இது என் கணவருக்குத் தெரியவர அதிக நாள் எடுக்கவில்லை.

“ஏன் இப்பிடிச் செய்ற?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

“எனக்குத் தெரியா.”

“நீ அந்த ஊட்ட உட்டு வந்திட்டாய் எண்டு நான் நினைச்சன்.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. பழக்குவதற்காக அடித்த மணி. முந்திய நாளே அறிவித்திருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. அன்று மகளுக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தாள். அவளை வாரிக்கொண்டு பதினான்கு மாடியும் இறங்கினேன். மணி நின்றது. சனங்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு திரும்ப மேலே போனார்கள். காவலாளி வந்து, ஒன்றுமில்லை, போகலாம் என்றார். என் கால்கள் அந்த வாசலுக்குள் நுழைய மறுத்தன. வீதியோரத் திண்டில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. மகள் மடியில் அனலாகக் கிடந்தாள். யாரோ தண்ணீர் வாங்கித் தந்தார்கள். என் கணவர் வேலை முடிந்து வரும்போது நாங்கள் அதே இடத்தில் இருந்தோம்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். மகளை வாங்கிக்கொண்டார். “ஊருக்குப் போவமா?” என்று கேட்டார். ஓம் என்றேன். என்னையும் மகளையும் அனுப்பிவிட்டு அவர் வேலைக்காக அங்கேயே தங்கினார்.

ஊரில் எல்லோரும் வாப்பாவைத்தான் குற்றம் சொன்னார்கள். பிடிவாதம் பிடித்து மகளை இழுத்துக்கொண்டார் என்றார்கள். அவர் யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் வந்திறங்கிய அன்று கேற்றடியில் அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. பேத்தியைத் தூக்கவில்லை. என்னையே பார்த்தார்.

“ஏன் வந்த?”

அந்தக் குரலில் இருந்தது கோபம். வாழ்க்கையில் முதல் முறையாக என்மீது கோபப்பட்டார்.

“சொகமில்ல வாப்பா. அங்கத்தய வெயில் வெக்க ஒத்துவரல்ல.”

“பொய் சொல்லாத. மருமகன் என்னோட கதைச்ச. எல்லாம் சொன்ன. பஸ்ஸுக்குப் பின்னால போனியாம்.” அவர் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். “என்னாலதான?”

இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பும்படியாகச் சொல்லவில்லை. உம்மா எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்று, “உள்ளுக்கு வாங்க, புள்ளைக்குப் பசி” என்று சொல்லும்வரை நாங்கள் அப்படியே நின்றோம்.

சில நாட்கள் அவர் விசில் ஊதவில்லை. பிறகு ஒரு காலை வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றார்.

“வெளிக்கிடு மகள். ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“ஆருக்கு என்ன?”

“படைய உட்டு வரக்குள்ள என்னய ஒரு டொக்டரிட்டப் போகச் சொன்னாங்க. மனசுக்குப் பாக்கிற டொக்டர். நான் போகல்ல. எனக்கு என்ன பைத்தியமா எண்டு கேட்டன்.” செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நான் போயிரிந்தா நீ அங்க இரிந்திரிப்பாய். நீ போகணும். தனியப் போகமாட்டாய். நானும் வாறன்.”

பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். மனநலப் பிரிவின் நீண்ட மர வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வாப்பா வழக்கம்போல வாசல்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒரே கதவில் கண் வைத்திருந்ததை ஒரே நேரத்தில் கவனித்தோம். அவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்தார்.

டொக்டர் இளம் பெண், யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் வாப்பாவைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நேரம் போனது. ஒரு கட்டத்தில் தம்பியின் பெயர் கேட்டது. தம்பி போன பிறகு அந்தப் பெயரை வாப்பாவின் வாயால் நான் கேட்டதில்லை. அடுத்து அவர் விம்முவதும் கேட்டது. வாங்கில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய்க் கதவின் அருகே நின்றேன். திறக்கவில்லை.

இப்போது இருவரும் மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். மாத்திரைகள் இருக்கின்றன. வாப்பாவுக்குக் கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் சோறு உண்டுவிட்டுப் படுத்துத் தூங்குகிறார். போன மாதம் உம்மாவைக் கூட்டிக்கொண்டு சாச்சி வீட்டுக்குப் போய் வந்தார். உம்மா அதற்காக நல்ல புடவை உடுத்தினார். எனக்கு அவ்வளவு வேகமாக நடக்கவில்லை. ஓர் அரச அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மதகுகளுக்கும் சிறு பாலங்களுக்கும் படம் வரைகிறேன். மாவடிப்பள்ளிப் பக்கம் வயலுக்குள் நின்று அளக்கும்போது மூச்சு நன்றாக வருகிறது. வீட்டுக்குத் திரும்பினால், மகள் கண்ணில் படும்வரை எதுவும் ஓடாது. என் கணவர் தொலைபேசியில் தினமும் கதைக்கிறார். ஊரில் வேலை தேடுகிறார், சரிவரவில்லை. திரும்ப வருகிறாயா என்று அவர் கேட்பதில்லை.

மகள் இப்போது முதலாம் வகுப்பு. இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று சொல்லியிருக்கிறார்கள். அறுகம்பே கடற்கரைக்குப் போகிறார்களாம். வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்று அலைமேல் வருவார்களாம், டீச்சர் சொன்னாராம். அவள் அதைச் சொல்லிக்கொண்டே வீடு முழுக்கக் கைகளை விரித்து ஓடினாள்.

“போகட்டும் மகள்,” என்றார் வாப்பா. “டீச்சர்மார் இரிக்காங்க. நான் வேணுமெண்டா பின்னால—” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். “இல்ல. நான் போகல்ல. அவ போகட்டும்.”

உம்மாவும் போகட்டும் என்கிறார். என் கணவரும் அதையே சொல்கிறார். டீச்சர் நாளைக்குள் பதில் கேட்டிருக்கிறார். மகள் நேற்றே தன் தொப்பியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள். காலையிலிருந்து என் பின்னாலேயே வந்து, “உம்மா, நான் போகவா?” என்று கேட்கிறாள்.

யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.